மீதி எழுத்து யார் உபயம்?

அரியலூர் சிமெண்ட் ஏஜெண்ட் அ. கலியபெருமாள் பொய் சொல்கிறார்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கிப் பேசியிருக்கிறார். பச்சைமலை மக்களுக்கு எழுத்தறிவித்தவர் தான்தான் என்றாராம். ஆதாரத்துக்கு ஒரு பழைய போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மேடையில் வைத்திருந்தார்களாம். போட்டோவில் அவர் இருக்கிறார். பக்கத்தில் பொன்னாடை போர்த்திய ஒரு பெண் இருக்கிறார். அந்தப் பெண்ணின் காலடியில் ஒரு பலாப்பழம் இருக்கிறது. வலது ஓரத்தில் பாதித் தோளும் ஒரு காதும் தெரியும். அந்தத் தோளும் காதும் என்னுடையவை.

அதனால் போன வாரம் இதே பக்கத்தில் பாதியில் விட்ட என் கல்யாணக் கதையை இந்த வாரம் தொடரப் போவதில்லை. அது எங்கேயும் ஓடிவிடாது. மாப்பிள்ளையே ஓடவில்லை.

போர்டைத் துடைத்தவர்

அந்தக் காலத்தில் பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி ஜில்லா. நான் பெரம்பலூரில் பால்வாடி டீச்சர். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அந்தப் போட்டோ எடுத்த அன்றைக்குக் கலியபெருமாள் கடையில், மலைக்கு எழுத்தறிவிக்கிற கமிட்டிக் கூட்டம் என்று அரியலூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உட்கார இடமில்லை. வாசலோரம் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

கடைத்தெரு முழுக்க லாரி. லாரி கிளப்புகிற தூசி எல்லாவற்றின் மேலும் உட்காரும். வாழைப்பழம் கூட அந்தத் தெருவில் சாம்பல் நிறம்தான். டீயை வாங்கினால் முதலில் ஊதிவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

அந்தத் தூசிக்குள் இருந்து ஒரு பெண் வந்தார். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பலாப்பழம். கடைத் தூணில் சாய்த்து வைத்திருந்த, கலியபெருமாள் பெயர் எழுதிய தகர போர்டின் முன்னால் நின்றார். முந்தானையால் போர்டைத் துடைத்தார். துடைத்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். கழுத்து மட்டும் அசையவில்லை, பழம் விழுந்துவிடுமே.

எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெருமாயி அக்கா. பூலாம்பாடிக்கு மேலே மலையில், கூந்தப்பாறை என்கிற சின்ன ஊர்.

கலியபெருமாள் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தூசியில் அவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியாது.

"யாரும்மா? சிமெண்ட் வேணுமா?"

"மீதி எழுத்து வேணுங்க" என்றார் பெருமாயி அக்கா.

இது என்ன கேள்வி என்று புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய வருஷத்துக்குப் போக வேண்டும்.

நிற்காத வாசிப்பு

அரியலூர் மைதானத்தில் ஒரு ஆள் பல நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றினான். சைக்கிள் மேலேயே குளித்தான், சைக்கிள் மேலேயே சாப்பிட்டான். சனம் கூட்டம் கூட்டமாகப் போய் அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தியது. கலியபெருமாள் தினமும் போய்ப் பார்த்தார். சைக்கிள் சுற்றுவதற்கே இவ்வளவு கூட்டம் என்றால் புத்தகம் படித்தால் வராதா என்று அவருக்குத் தோன்றியது.

புத்தகம் படிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். மலை இருக்கிறது, மலையில் படிக்காத ஜனங்கள் இருக்கிறார்கள். காரணம் கிடைத்துவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பந்தல் போட்டார்கள். மூன்று நாள் நிற்காமல் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். மைக்கில் குரல் நிற்கவே கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊர்க்காரர்கள் இஷ்டப்பட்டதைக் கொடுக்க வேண்டும். வருகிற பணத்தில் மலைக்குச் சிலேட்டும் வாத்தியாரும்.

என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை. என் தொண்டை. நான் பால்வாடியில் அதட்டினால் மூன்று தெரு தள்ளி இருக்கிற பிள்ளை அழும்.

முதல் நாளே சிக்கல். பொட்டலுக்கும் தூசிக்கும் புத்தகம் தர மாட்டோம் என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். அது நியாயம். கையில் இருந்த நாலு பாடப்புத்தகமும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. கலியபெருமாள் கலங்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, யார் எதைக் கொண்டுவந்தாலும் படிக்கப்படும், காணிக்கை மட்டும் போட்டால் போதும் என்று அறிவித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் படித்தவை: பஞ்சாங்கம். உர மூட்டைச் சாக்கு. கிணற்று மோட்டாரோடு வந்த தாள். ஒரு ஆள் தன் ரேஷன் கார்டைக் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மாமியார் பெயர் அதில் இல்லை என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டுமாம். மாமியார் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்னொருவர் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் மகள் கல்யாணம். முடிந்து வருஷம் ஆகிவிட்டது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்கிற இடத்தில் அவர் பெயரை விட்டுவிட்டார்களாம். அந்த இடத்தில் என் பெயரையும் சேர்த்துப் படி என்று அஞ்சு ரூபாய் கொடுத்தார். படித்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து பத்து ரூபாய் கொடுத்து, தம்பி பெயர் இல்லாமல் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். சாயங்காலம் வரை அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துகொண்டே இருந்தது.

உர மூட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் மேடை ஏறினார். கையில் ஒரு ரூபாய் நோட்டும் ஊக்கும். சைக்கிள்காரனுக்குக் குத்திய பழக்கம்.

"பெரியவரே, கம்பத்துல குத்துங்க. என் மேல குத்துனீங்கன்னா நான் திருப்பிக் குத்துவேன்" என்றேன்.

மைக் முன்னால் இருந்தது. பெரம்பலூர் முழுக்கக் கேட்டது. அதற்குத்தான் அந்த மூன்று நாளில் அதிகக் கைதட்டல்.

முன் வரிசை

இத்தனைக்கும் மலைக்காரர்களைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். சிமெண்ட் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. தலைக்கு மேலே 'மலைவாழ் மக்கள்' என்று ஒரு போர்டு. யாரும் எழுந்து போகக் கூடாது, காணிக்கை போடுகிறவர்களுக்கு யாருக்காகப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும் என்பது கலியபெருமாள் உத்தரவு.

என் முறை முடிந்து தண்ணீர் குடிக்க இறங்கினேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தார். அவர்தான் பெருமாயி அக்கா.

"மேல என்னா எழுதியிருக்கு, டீச்சரம்மா?"

"நீங்கதான்."

அவர் அண்ணாந்து பார்த்தார். "இம்மாம் நீளமாவா இருக்கோம்?"

பிறகு, நாங்கள் படிப்பது எதற்கு என்று கேட்டார். உங்களுக்காக என்றேன். செட்டிகுளத்து முருகனுக்கு நடக்க முடியாதவர்களுக்காக இன்னொரு ஆள் காவடி எடுப்பாரே, அந்த மாதிரியா என்றார். அதாவது நீங்கள் படித்தால் அது எங்கள் கணக்கில் வந்துவிடுமா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தால் கலியபெருமாள் செய்துகொண்டிருந்தது அதுதான். மூடிக்கொண்டேன்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அதை அன்றைக்கே சொன்னார். பலாப்பழத்தைச் சுமந்து மலை இறங்கி, பூலாம்பாடியில் பஸ் பிடித்து, பெரம்பலூர் சந்தைக்கு வருவார். ஒரு தடவை திரும்பிப் போகும்போது எந்த பஸ் என்று கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் வேலைவெட்டி இல்லாமல் நின்ற பையன்கள், மலைக்காரி என்று தெரிந்ததும், வேண்டுமென்றே அரியலூர் பஸ்ஸைக் காட்டி ஏற்றிவிட்டார்கள். அரியலூர் ரயில் ஸ்டேஷனில் இரண்டு நாள் கிடந்தார். விற்காத ஒரு பழம் கூடவே இருந்தது. அது பழுத்து, ஸ்டேஷன் முழுக்க மணந்து, எங்கே இருந்து வாசனை என்று தேடி வந்தவர்கள்தான் அவரைக் கண்டுபிடித்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், இனிமேல் சந்தைக்குப் போகாதே என்று. பழம் மலையில் அழுகுகிறது.

"எனக்குப் புஸ்தவம் எல்லாம் வேணாம், டீச்சரம்மா. பஸ்ஸு நெத்தியில என்னா எழுதியிருக்குன்னு தெரியணும். தனியா சந்தைக்குப் போயி தனியா வூடு திரும்பணும். அவ்வளவுதான்."

மூன்று நாள் மைக் போட்டு ஊரைக் கூட்டியதில், எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று தெளிவாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் மைக் கொடுக்கவில்லை.

டியூப்லைட் விஷயம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் அதன் மேல் பெயர் எழுதிவிட வேண்டும். கோயிலுக்கு டியூப்லைட் கொடுப்பார்கள். அதில் உபயம் என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், கடை பெயர், ஊர் பெயர் எல்லாம் கறுப்பு மையில் எழுதுவார்கள். எழுத்துக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் வந்தால் உண்டு.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு ஃபேன் இருந்தது. மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர். சுற்றினால் பெயர் தெரியாது என்று அவர் வருகிற நாளில் பூசாரி ஃபேனை நிறுத்திவிடுவார். வேர்த்துக் கொட்டும். அவர் அண்ணாந்து தன் பெயரைப் படித்துவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டே போவார்.

இதெல்லாம் சிரிப்பான விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சிலேட்டைப் பார்க்கிற வரைக்கும்.

இரண்டு பக்கமும்

வாசிப்பில் சேர்ந்த பணத்தில் சிலேட்டு வாங்கினார்கள். நல்ல கல் சிலேட்டு. மரச்சட்டம் போட்டது. அதைப் போர்டு எழுதுகிற பெயின்டரிடம் கொடுத்தார்கள்.

பெயின்டர் புத்தியுள்ள ஆள். மரச்சட்டத்தில் சின்னதாக எழுதிவிடுகிறேன் என்றிருக்கிறார். பெரிய காணிக்கை போட்ட உபயதாரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டத்தில் எழுதினால் யார் பார்ப்பார்கள்? ஆகவே கல்லின் மேலேயே, நடுவில், வெள்ளை எனாமல் பெயின்டில், பெரிய எழுத்தில்: 'உபயம்: அ. கலியபெருமாள், சிமெண்ட் ஏஜெண்ட், அரியலூர்.' திருப்பினால் பின்பக்கம், 'தந்தையார் அருணாசலம் நினைவாக.'

பத்து பேர் உபயம் என்றால் பத்து விதமான சிலேட்டு. எதிலும் ஒரு அ எழுத இடமில்லை.

கூந்தப்பாறையில் விழா வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சிலேட்டையும் தூக்கிக் காட்டி, அதில் உள்ளதை மைக்கில் படித்து, கைதட்டல் வாங்கி, பிறகுதான் கையில் கொடுத்தார்கள். பலப்பமும் கொடுத்தார்கள். எங்கே எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "டீச்சரு, நல்ல காரியத்துல குறுக்க பேசாதம்மா" என்றார் கலியபெருமாள்.

வாத்தியார் அடுத்த மாதம் வருவார் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டோம்.

போகப் படித்தவர்கள்

இப்போது மறுபடி கடை வாசலுக்கு வாருங்கள். பெருமாயி அக்கா பழத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது இதுதான்.

அடுத்த மாதம் வாத்தியார் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. ஆனால் விழாவில் மைக்கில் படித்தது அவருக்கு மனசில் நின்றுவிட்டது. சிலேட்டை எதிரில் வைத்துக்கொண்டு, சொன்னதையும் எழுத்தையும் ஒட்டிப் பார்த்திருக்கிறார். உபயத்தில் இருக்கிற ய-தான் கலியபெருமாளிலும் இருக்கிறது, அரியலூரிலும் அதுவேதான் என்று தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். நான் பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கிச் செய்கிற வேலையை அந்த அம்மாள் சாமை புடைக்கிற நேரத்தில் தனக்குத்தானே செய்துகொண்டார்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். எண்ணெய் மண்டிக்காரர் உபயம் செய்த சிலேட்டு சிலரிடம் இருந்தது. அதில் பெரம்பலூர் என்று இருக்கும். அவர்களுக்குப் பெரம்பலூர் படிக்க வந்துவிட்டது. பெருமாயி அக்காவுக்கு அரியலூர். ஊரில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் பெரம்பலூர் போக வேண்டும் என்றால் எண்ணெய் மண்டி சிலேட்டுக்காரரை ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போவார்கள்.

ஆனால் பூலாம்பாடியில் இருந்து யாரும் உபயம் செய்யவில்லை. அதனால் எந்தச் சிலேட்டிலும் பூலாம்பாடி இல்லை.

"போறதுக்குப் படிச்சுட்டோம். வூட்டுக்குத் திரும்பி வர்றதுக்குத்தான் படிக்கல" என்றார். "அதாங்க, எந்த பஸ்ஸு எனக்குப் படிக்க வருதோ அதுல ஏறுனேன். எந்த போர்டு படிக்க வருதோ அங்க வந்து நிக்கிறேன். வூட்டுக்காரரு கிட்ட, எழுத்தோட வர்றேன், இல்லாட்டி இனிமே சந்தைப் பேச்சே எடுக்கலன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மீதியக் குடுத்துடுங்க."

கலியபெருமாள் முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி அவர் காதில் விழவே இல்லை. ஒரு மலைக்காரி தன் பெயரைப் படித்துவிட்டாள், அதுதான் விழுந்தது. ஓடிப்போய் போட்டோக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். மத்தியானமே பாராட்டு விழா என்று அங்கேயே முடிவாயிற்று. பெருமாயி அக்காவை மூட்டை மேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் ஊதாமல் குடித்து இருமினார்.

முதுகில் எழுதலாமா?

கூட்டம் தொடர்ந்தது. நான் எழுந்து, வாத்தியார் என்ன ஆனார் என்று கேட்டேன்.

கலியபெருமாள் வருத்தமாகத்தான் சொன்னார். "டீச்சரு, வாத்தியாரு போடலாம்மா. ஆனா சம்பளம் யாரு உபயம்னு எப்படித் தெரியும்? சிலேட்டுன்னா பேரு இருக்கு. வாத்தியாரு மேல பேரு எழுத முடியாதே."

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அங்கே இருந்தவர்கள் சிரிக்கவும் இல்லை. ஆழமாக யோசித்தார்கள். எண்ணெய் மண்டிக்காரர், வாத்தியாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து முதுகில் எழுதலாம் என்றார். மலையில் குளிருமே, மேலே கம்பளி போர்த்திக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். கம்பளியிலும் எழுதலாம் என்றார்கள். பத்து பேர் பெயருக்கு முதுகு போதாது என்று ஒரு கட்சி. உயரமான வாத்தியாராகப் பார்த்து எடுக்கலாம் என்று ஒரு கட்சி. கடைசியில், வாத்தியார் சட்டையைத் துவைக்கப் போட்ட நாளில் என்ன செய்வது என்கிற இடத்தில் பேச்சு நின்றுபோனது. இரண்டாம் வருஷ வாசிப்பில் சேர்கிற பணத்தில் மலை அடிவாரத்தில் ஒரு வளைவு கட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். வளைவு சட்டை மாற்றாது.

பெருமாயி அக்கா மூட்டை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் ஒரு கேள்வி

மத்தியானம் கடை வாசலிலேயே மேடை. பொன்னாடை போர்த்தினார்கள். போர்டைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். பெருமாயி அக்கா கணீரென்று படித்தார்: "உபயம், அ. கலியபெருமாள், சிமெண்ட் ஏஜெண்ட், அரியலூர்." போர்டில் உபயம் என்கிற வார்த்தை கிடையாது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, கைதட்டினார்கள்.

யாரோ ஒருவர் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டி, இதைப் படிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். அவர் தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்தார். பிறகு கலியபெருமாள் பக்கம் திரும்பினார்.

"இதுல உங்க எழுத்து அங்கங்க இருக்குங்க. மத்த எழுத்தெல்லாம் யாரோட உபயம்? சொன்னீங்கன்னா அவுங்க கிட்டயும் போயி கேட்டுக்கறேன்."

கூட்டம் சிரித்தது. மலைக்காரிக்கு எவ்வளவு வெகுளித்தனம் பார் என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த முகத்தில் வெகுளித்தனம் எதுவும் இல்லை. கடைக்குள் நடந்த கூட்டத்தை அவர் முழுசாகக் கேட்டிருந்தார்.

கலியபெருமாள், கமிட்டி பரிசீலிக்கும் என்றார். போட்டோ எடுத்தார்கள். நாற்காலிகளை எடுத்து அடுக்கினார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். எழுத்தறிவு பெற்ற பெண் பொன்னாடையும் பலாப்பழமுமாக நடுத்தெருவில் நின்றார். எப்படி வீட்டுக்குப் போவார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பஸ்ஸின் மேல் ஐந்து எழுத்து

பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் நடந்தோம். பெரம்பலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் உங்களைப் பூலாம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றேன்.

"இன்னிக்கி நீங்க ஏத்துவீங்க. நாளைக்கி?" என்றார். "எழுத்தக் குடுங்க, டீச்சரம்மா."

என்னிடம் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு விரல்கடை கனத்துக்குத் தூசி. விரலால் எழுதினேன்: பூலாம்பாடி. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் இருந்த ம்-ஐப் பார்த்ததும் என் கையைப் பிடித்தார்.

"இது என்கிட்ட இருக்கு."

ஆமாம். பூலாம்பாடியில் கலியபெருமாள் கொடுத்திருந்தது அந்த ஒரு ம் மட்டும்தான். மீதி நாலையும் அவர் கீழேயே, தூசியில், திரும்பத் திரும்ப எழுதினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பஸ்ஸுல என்னாம்மா கோலம் போடுறீங்க, ஏறுங்க" என்றார். ஏறினோம். எழுத்தும் எங்களோடு வந்தது.

பெரம்பலூரில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. பஸ்ஸின் பக்கத்தில் எழுத்து அப்படியே இருந்தது. நான் முன்னால் நடக்கப் போனேன். அவர் தடுத்தார். அங்கேயே நில்லுங்கள் என்றார்.

ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நெற்றியைப் பார்ப்பார். திரும்பி வந்து தூசியில் இருக்கிறதைப் பார்ப்பார். இன்னொரு பஸ்ஸுக்குப் போவார். மறுபடி வருவார். பொன்னாடை தரையில் இழுபட்டது. அந்தப் பையன்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள், அந்த வேலைக்கு லீவே கிடையாது போல. ஒருவன், "ஏ ஆயா, ஒன் பஸ்ஸு அந்தா நிக்குது, கெளம்பப் போவுது, ஓடு" என்று ஒரு பஸ்ஸைக் காட்டினான்.

அவர் அந்தப் பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். விரலால் காற்றில் தடவிப் படித்தார். திரும்பி அவனைப் பார்த்தார்.

"இது பெருசா ஒரு அ-வுல ஆரம்பிக்குது, தம்பி. அரியலூரு. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. நீ வேணா போயிட்டு வா."

கடைசியில் கிணற்றடிப் பக்கம் தனியாக நின்ற பஸ்ஸின் முன்னால் நின்றுவிட்டார். நெடுநேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலாப்பழத்தை ஏற்றினார், தானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அது பூலாம்பாடி பஸ்.

இதற்கு மைக் தேவைப்படவில்லை. பந்தல் தேவைப்படவில்லை. தூசி இருந்தது, விரல் இருந்தது, பெயர் எழுதாத ஒரு இடம் இருந்தது.

கோழிக்கூடு

அதன் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் தனியாக வந்தார். பால்வாடி வாசலில் நின்று, இரண்டு சுளை கொடுத்துவிட்டு இரண்டு எழுத்து வாங்கிப் போவார். பலாப்பழக் காலம் முடிவதற்குள் எல்லா எழுத்தும் தீர்ந்துவிட்டது. வாங்கிப்போனதை மலையில் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவர்களிடம் சுளை வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார். என் கல்யாணக் கதையில் வர்ணனை அதிகம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கலியபெருமாள் அவர்களே, உங்கள் சிலேட்டும் பத்திரமாக இருக்கிறது. பெருமாயி அக்கா வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அதுதான் கதவு. உங்கள் பெயர் ஒரு எழுத்துகூட உதிரவில்லை. நல்ல பெயின்ட். காலையில் கோழிகள் உங்கள் பெயருக்கு அடியில்தான் வெளியே வருகின்றன.

அடிவாரத்தில் வளைவும் நிற்கிறது. நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன வாத்தியார் அதன் வழியாக ஒருநாளும் போகவில்லை. இவ்வளவு காலம் நான் சும்மா இருந்தேன். போட்டோவைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் போய் நின்றீர்கள் பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாள் உங்கள் மேடையில், உங்கள் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, ஊர் கூடியிருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். மத்த எழுத்தெல்லாம் யாரோட உபயம்? கமிட்டி பரிசீலிக்கும் என்றீர்கள். பரிசீலித்தது போதும். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், ஊரறியப் பதில் எழுதுங்கள். அவர் படிப்பார்.

அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். அது ஒன்றுதான் உங்களுக்கு எப்போதும் கஷ்டமாக இருந்ததில்லை.